புற்றுநோயும் நாடிச் சுவடியும்

நெய்வேலி என்கின்ற ஊர் எப்படி உண்டாயிற்று என்பது நமது ஜில்லாவில் யாவரும் அறிந்த சங்கதியேயாகும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவருடைய நிலத்தில் கிணறு தோண்ட, தானாகப் பொங்கி வந்த ஊற்றுத் தண்ணீரோடு கறுப்பாக ஏதோ ஒரு பொருளும் கலந்து வந்தது. அன்று அவர் அதைக் கண்டு, பூமாதேவிக்குக் கோபம் வந்துவிட்டது என்று பொங்கலிட்டு, கிடாய் வெட்டி, கிணற்றை மூடியிருந்தால் இன்று டவுன்ஷிப்பும் இல்லை, கரண்டும் இல்லை, பக்கத்து ஊர்களில் நாலு வீடு மாடி வீடாகியிருக்கவும் மாட்டாது. அவர் அப்படிச் செய்யாமல் விஷயத்தைச் சர்க்காருக்குத் தெரியப்படுத்தினார். பிறகு துளை போட்டு, அடியிலிருந்து மண்ணை எடுத்துப் பரிசோதித்து, இன்ன ஆழத்தில் இவ்வளவு நிலக்கரி இருக்கின்றது என்று கணக்குப் போட்டார்கள். 1956இல் கம்பெனி ஏற்பட்டது. 1961 ஆகஸ்டு மாதம் கரிப் படிவம் கண்ணுக்குத் தெரிந்தது. இதில் எந்தச் சோதிடரைக் கேட்டார்கள்? எந்தச் சுவடியைப் புரட்டினார்கள்? தண்ணீரில் வந்த துகளைப் பார்த்து அடியில் இருப்பது இன்னது என்று கண்டுகொண்டார்கள். அவ்வளவுதான்.

இந்தப் பழைய கதையை இப்போது எதற்காகச் சொல்லுகிறோமென்றால், இதே ஊரில், இதே கரியினால் சம்பளம் வாங்கிச் சாப்பிடுகின்ற ஒரு குடும்பத்தில் சென்ற சில மாதங்களாக நடந்ததை நாம் நேரில் பார்த்தோம். அது அந்த ஒரு வீட்டுச் சங்கதி மாத்திரமாயிருந்தால் எழுத வேண்டியதில்லை. வட்டத்துக்கு வட்டம் அதுவே நடப்பதால் எழுதுகிறோம்.

அந்த அம்மாளுக்கு ஆறு வருஷங்களுக்கு முன் மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் ஆயிற்று, கீமோ ஆயிற்று, கதிர் வைத்தியம் ஆயிற்று. பிறகு லெட்ரோசோல் என்ற மாத்திரையைத் தினம் ஒன்றாக விழுங்கி வந்தார். இவ்வருஷம் முதுகு வலி என்று போனதில், எலும்பிலும் ஈரலிலும் நோய் திரும்பி வந்திருப்பதாகப் படத்தில் தெரிந்தது. டாக்டர் சொன்னது என்னவென்றால்: "ஆறு வருஷத்துக்கு முன் இருந்த நோய் வேறு, இன்றைக்கு இருக்கும் நோய் வேறாக மாறியிருக்கலாம். மாத்திரைக்குத் தப்பித்துக்கொள்ள அது என்ன வித்தை கற்றிருக்கின்றது என்று பார்க்க வேண்டும். ஈரலில் ஊசி விட்டுச் சதை எடுக்கலாம். அல்லது கையில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதிலுள்ள புற்றின் டி.என்.ஏ.யைப் பரிசோதிக்கலாம்" என்பதாகும்.

இதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து பஞ்சாயத்துக் கூடினார்கள். பஞ்சாயத்தில் யார் யார் இருந்தார்கள் என்றால் புருஷன், புருஷனுடைய அண்ணன், மாமியார், டிப்ளமா படித்த ஒரு மைத்துனன். நோய் யாருக்கோ அந்த அம்மாள் மாத்திரம் அடுப்பங்கரையில் இருந்தார்! "ஊசி பட்டால் பரவும்" என்றார் ஒருவர். "ரத்தம் எடுத்தால் இருக்கிற தெம்பும் போய்விடும்" என்றார் மற்றொருவர். "எதற்கும் முதலில் நாடி பார்த்துவிடுவோம்" என்று மூன்றாமவர் சொன்னதும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நாடி பார்த்தார்கள். வேறொரு கோயிலில் பிராது எழுதிக் கட்டினார்கள். இரண்டரை மாதம் போய்விட்டது. அந்த இரண்டரை மாதமும் ஈரலில் இருந்த நோய் பஞ்சாயத்தின் தீர்ப்புக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை.

நாடி ஜோசியம் என்பது என்ன என்று வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வைத்தீசுவரன் கோயிலில் தெருவுக்குத் தெரு பலகை தொங்குகின்றது. ஆணுக்கு வலது கைப் பெருவிரல், பெண்ணுக்கு இடது கைப் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு, எந்த முனிவரோ எக்காலத்திலோ எழுதி வைத்ததாகச் சொல்லப்படும் ஓலையைத் தேடுவார்கள். "தகப்பனார் பெயர் நாலெழுத்தா? முதலெழுத்து உயிரெழுத்தா? கூடப் பிறந்தவர் மூவரா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இல்லை என்றால் அந்த ஏட்டைத் தள்ளிவிட்டு, ஆமாம் என்றால் பிடித்துக்கொண்டு, நாம் சொன்ன பதிலையே பாட்டாக நமக்குத் திருப்பிப் படிப்பார்கள். ஆறாவது காண்டம் நோய், கடன், பகை. பதின்மூன்றாவது சாந்தி காண்டம், பதினான்காவது தீட்சை காண்டம். இவை இரண்டும் பணம் கட்டும் காண்டங்கள்.

நமது அம்மாளுக்கு நாடிக்காரர் ஒருவர் சொன்னது: முன் ஜென்மத்தில் பசித்த குழந்தை ஒன்றுக்குப் பால் கொடுக்க மறுத்தாராம், அதனால் இந்த ஜென்மத்தில் மார்பில் நோயாம்! மூன்று பிள்ளைகளைப் பாலூட்டி வளர்த்த ஒரு தாயின் முகத்தைப் பார்த்து இப்படிச் சொல்லக் கூசாத மனிதனை நாம் என்னவென்று சொல்லுவது? அவனாவது காசுக்காகச் சொன்னான். கூட இருந்து கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டி, பரிகாரத்துக்கு எவ்வளவு என்று விசாரித்தார்களே, அவர்களுடைய யோக்கியதையை எப்படி எடை போடுவது? அந்த அம்மாள் அன்று முதல் பத்து நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டோம். புற்றுநோய் செய்யாத வேலையை நாடிச் சுவடி செய்து முடித்தது.

நிற்க. ரத்தத்தில் என்ன தெரியும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், கேட்கக் கூடாத இடத்தில் கேட்டார்கள் என்பதே நமது புகார்.

உடம்பிலுள்ள ஜீவ அணுக்கள் நாள்தோறும் செத்துப் புதிதாக உண்டாகின்றன. செத்த அணுக்களிலிருந்து அவற்றின் டி.என்.ஏ. சின்னஞ்சிறு துண்டுகளாக ரத்தத்தில் கலக்கின்றது. இதை 1948ஆம் வருஷத்திலேயே பிரான்சு தேசத்தில் மாண்டல், மெட்டே என்ற இருவர் கண்டு எழுதி வைத்தார்கள். அப்போது அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. புற்று அணுக்களும் செத்து அப்படியே தங்கள் துண்டுகளைக் கலக்கின்றன என்பது பிற்பாடு தெரிந்தது. ஒரு துண்டு ஏறக்குறைய 160, 170 எழுத்து நீளம். ரத்தத்தில் அதன் ஆயுசு மிகச் சொற்பம். இரண்டு மணி நேரத்துக்குள் பாதி அழிந்துபோகும். ஆகையால் இன்றைக்கு எடுத்த ரத்தம் இன்றைக்கு உடம்பில் இருக்கின்ற நோயைச் சொல்லும். ஆறு வருஷத்துக்கு முன் எடுத்து மெழுகுக் கட்டியில் வைத்திருக்கின்ற சதைத் துண்டு ஆறு வருஷத்துக்கு முந்தின நோயைத்தான் சொல்லும். அன்றியும், சதை எடுத்தால் ஊசி நுழைந்த ஓரிடத்துச் சேதிதான் கிடைக்கும். ரத்தமோ எலும்பு, ஈரல் என்று பல இடங்களைத் தொட்டுவிட்டு வருகின்றது. ஜம்புலிங்க முதலியார் கிணற்றில் தண்ணீர் கரித்துகளைக் கொண்டு வந்தது போலவே இதுவும். பெருவிரல் ரேகையில் முன் ஜென்மம் தெரியும் என்பதை நம்புகின்ற டிப்ளமாக்காரருக்கு, ரத்தத்தில் சொந்த உடம்பு தெரியும் என்பது மாத்திரம் எப்படி நம்பக்கூடாததாயிற்று?

தெரிந்து என்ன பிரயோஜனம் என்பது அடுத்த கேள்வி. மார்பகப் புற்றில் பெரும்பகுதி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தின்று வளருவது. அணுவில் அதற்கென்று ஒரு பூட்டு இருக்கின்றது, ஈஸ்ட்ரோஜன் சாவி. லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் சாவி உண்டாகாமல் தடுக்கின்றன. சில வருஷங்கள் கழித்துப் பூட்டே கோளாறாகி, சாவி இல்லாமலே திறந்து கிடக்குமானால் சாவியைத் தடுத்து என்ன லாபம்? அந்தப் பூட்டுக் கோளாறுதான் ஈ.எஸ்.ஆர்.1 மாறுதல் என்பது. முதல் கட்டியில் இது அநேகமாக இருப்பதில்லை. இந்த மாத்திரை சாப்பிட்டு நோய் திரும்பியவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு வரை காணப்படுகின்றது. பழைய கட்டியை எத்தனை தடவை பரிசோதித்தாலும் கிடைக்காத சேதி இது. இந்த மாறுதல் உள்ளவர்களுக்கென்றே எலாசெஸ்ட்ரண்ட் என்ற மருந்தை 2023 ஜனவரியில் அமெரிக்கச் சர்க்கார் அனுமதித்தபோது, யாருக்குக் கொடுப்பது என்பதை ரத்தப் பரிசோதனையைக் கொண்டே முடிவு செய்யச் சொல்லிற்று. அதே வருஷத்தில் அந்நாட்டுப் புற்றுநோய் டாக்டர்களின் சங்கமும், ஹார்மோன் மருந்துக்கு அடங்காமல் நோய் வளரும்போது ஈ.எஸ்.ஆர்.1ஐப் பாருங்கள், அதற்கு ரத்தமே விசேஷம் என்று எழுதிற்று. பி.ஐ.கே.3.சி.ஏ. என்ற மற்றொரு மாறுதல் இவ்வகைப் புற்றில் நூற்றுக்கு நாற்பது பேரிடம் இருக்கின்றது. அதற்கும் 2019 முதல் தனி மருந்துகள் வந்திருக்கின்றன.

பிரான்சில் 83 ஆஸ்பத்திரிகளில் ஆயிரத்துச் சொச்சம் பெண்களை வைத்து ஒரு ஆராய்ச்சி நடத்தி 2022இல் முடிவு வெளியிட்டார்கள். நோய் படத்தில் தெரியும் வரை காத்திராமல், ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர்.1 ஏறுவதைக் கண்டவுடனேயே பாதிப் பேருக்கு மருந்தை மாற்றினார்கள். மற்றவர்களுக்குப் பழைய மருந்தையே நீட்டினார்கள். மாற்றியவர்களுக்கு நோய் வளராமல் நின்ற காலம் சுமார் 12 மாதம், மாற்றாதவர்களுக்கு 6 மாதத்துக்கும் குறைவு. ஆறு மாதம் என்பது அற்ப சொற்பமா? பிராது கட்டினால் மூன்று மாதத்தில் தீர்ப்பு என்று நம்பிக் காத்திருக்கின்ற ஜனங்களுக்கு ஆறு மாதத்தின் விலை தெரிய வேண்டாமா?

இவ்வளவு சொன்னதால், ரத்தப் பரிசோதனையை நாமும் ஒரு புதுத் தெய்வமாக்கிக் கும்பிடச் சொல்லுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பகுத்தறிவு என்பது பூசாரியிடம் ஒரு மாதிரியும் பரிசோதனைக் கம்பெனியிடம் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளாது. இந்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தால் நோயில் அந்த மாறுதல் இல்லை என்று அர்த்தமாகாது. புற்று அந்தச் சமயத்தில் போதிய துண்டுகளைக் கலக்காமலும் இருந்திருக்கலாம். அப்போது சதை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். வயது சென்றவர்களுக்கு ரத்த அணுக்களிலேயே சில மாறுதல்கள் தாமாக வருவதுண்டு. அவற்றைப் புற்றின் மாறுதல் என்று தப்பாக எண்ணவும் இடமுண்டு. இங்கிலாந்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்து 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சதையில் கண்ட மாறுதல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றுமூன்றை ரத்தமும் காட்டிற்று. ஏழு தப்பிப் போயிற்று என்பதையும் அவர்களே எழுதினார்கள். எந்த நாடிக்காரராவது தமது சுவடி நூற்றுக்கு எத்தனை தப்பு என்று கணக்குப் போட்டு வெளியிட்டதுண்டா?

ரத்தத்தில் நோயின் அடையாளம் கண்டதற்காக அவசரப்பட்டு மருந்தை மாற்றுவதெல்லாம் பலிக்கும் என்பதுமில்லை. அமெரிக்காவில், கீமோ ஆரம்பித்த பிறகும் ரத்தத்தில் புற்று அணுக்கள் மிச்சமிருந்த பெண்களுக்கு உடனே வேறு கீமோ கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுள் கூடவில்லை என்று 2014இல் சொல்லிவிட்டார்கள். ஆதலால் பரிசோதனைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இதன் பதில் இப்படி வந்தால் எனக்கு என்ன மருந்து, அப்படி வந்தால் என்ன மருந்து?" இதற்கு டாக்டரிடம் பதில் இருந்தால் ரத்தம் கொடுங்கள். இரண்டுக்கும் ஒரே மருந்துதான் என்றால் காசைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நோயே இல்லாத பெண்களிடம் வந்து, ஒரு குழாய் ரத்தத்தில் உடம்பிலுள்ள சகல புற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம் என்று விளம்பரம் செய்கின்றவர்கள் இருக்கிறார்கள். மார்பில் ஆரம்பத்திலுள்ள சிறு கட்டியைக் கண்டுபிடிக்க இந்த முறை இன்னும் போதாது. கையால் தடவிப் பார்ப்பதும் மேமோகிராமும்தான் அதற்கு வழி. இந்த விளம்பரக்காரர்கள் செய்வது வெள்ளைக் கோட்டுப் போட்ட நாடி ஜோசியமேயல்லாமல் வேறில்லை.

இனி "ஊசி பட்டால் பரவும்" என்கின்ற பேச்சைப் பற்றி. இதைக் கிராமத்துக் கிழவி சொல்லுகிறாள் என்று நினைக்க வேண்டாம். பெரிய பெரிய இயந்திரங்களை ஓட்டுகின்றவர்கள், பாய்லரில் எத்தனை டிகிரி சூடு என்று நாள் முழுதும் மானியைப் பார்த்து எழுதுகின்றவர்கள் சொல்லுகிறார்கள். மானியைப் பார்க்காமல் பாய்லரை ஓட்டச் சொன்னால் ஓட்டுவார்களா? "மானியைப் பார்த்தால் சூடு ஏறிவிடும்" என்று ஒருவன் சொன்னால் அவனை ஷிப்டில் வைத்துக்கொள்ளுவார்களா? கேட்டைத் தாண்டி வீட்டுக்குள் வந்தவுடன் அறிவைச் செருப்போடு வெளியில் கழற்றி வைத்துவிடுகிறார்கள். பரவுவதற்குக் காரணம் ஊசியன்று. கட்டி இருக்கின்றது என்று தெரிந்தும், மார்பு என்கின்ற வார்த்தையை வாயால் சொல்ல வெட்கப்பட்டு மாதக்கணக்காக மறைத்து வைப்பதுதான் காரணம். அந்த வெட்கத்தைப் பெண்களுக்குக் கற்பித்தவர்கள் யார்? பெண்ணுடைய உடம்பு அவளுடையதல்ல, புருஷனுடையது, குடும்பத்து மானத்தினுடையது என்று சொல்லி வைத்தவர்கள் யார்? 2022ஆம் வருஷத்து உலகக் கணக்குப்படி, இந்தியாவில் ஒரே வருஷத்தில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. சுமார் 98,000 பேர் இதனால் மாண்டார்கள். இத்தனை பேரும் முன் ஜென்மத்தில் பால் கொடுக்க மறுத்தவர்கள்தானா?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தமது தங்கை புற்றுநோயால் 1923இல் மாண்டதைக் கண்ணால் கண்டவர். தலைவிதி என்று அழுதுவிட்டு உட்காராமல், சாகப்போகின்றவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று எண்ணியிருந்தவர்களோடெல்லாம் போராடி, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் நின்று பேசிய அதே அம்மையார்தான். பெண்ணின் உடம்பு கோயிலுக்குச் சொத்து அல்ல என்று சொன்னவரே அந்த உடம்புக்கு வைத்தியமும் வேண்டும் என்று சொன்னது தற்செயலான காரியமென்று நாம் நினைக்கவில்லை.

ஜனங்களை மாத்திரம் கண்டித்துவிட்டுச் சர்க்காரை விட்டுவிட்டால் அது யோக்கியமாகாது. இந்தப் பரிசோதனைக்குத் தனியார் கம்பெனிகள் வாங்குவது பல்லாயிரம் ரூபாய். அதன் பேரில் வருகின்ற மருந்துகளின் விலையோ அதைவிட அநியாயம். கேரளத்தில் இந்நோய் கண்ட ஒரு பென்ஷன்கார அம்மையார், ரிபோசிக்லிப் என்ற மாத்திரைக்கு மாதம் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆகின்றதே என்று 2022இல் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார். விசாரணை முடியுமுன் அவர் இறந்துபோனார். கோர்ட்டு அந்த வழக்கைத் தானாகவே எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. உயிரோடிருக்கும்போது கிடைக்காத நியாயம் செத்த பிறகு யாருக்கு? பணக்காரனுக்குப் பரிசோதனை, ஏழைக்குப் பரிகாரம் என்று ஏற்பட்டுவிட்டால் நாடிக்காரனுக்கு வேறு பிரசாரகன் எதற்கு?

வழி இல்லாமலில்லை. நாடு முழுதுமுள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஏற்படுத்திய நேஷனல் கேன்ஸர் கிரிட் என்ற அமைப்பு, நாற்பது மருந்துகளை ஒன்றாகப் பேரம் பேசி வாங்கியதில் விலை பெரும்பகுதி இறங்கிற்று. மருந்துக்குச் செய்ததைப் பரிசோதனைக்குச் செய்ய முடியாதா? 2020இல் கொரோனா வந்தபோது நமது ராஜ்யத்தில் பி.சி.ஆர். பரிசோதனைச் சாலைகளை ஜில்லாவுக்கு ஜில்லா திறந்தார்களே, அந்த இயந்திரங்களைக் கையாளப் பழகிய ஆட்கள் இன்னும் உயிரோடுதானே இருக்கிறார்கள்? நூற்றுக்கணக்கான ஜீன்களைப் படிக்கின்ற பெரிய பரிசோதனை எல்லோருக்கும் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஈ.எஸ்.ஆர்.1, பி.ஐ.கே.3.சி.ஏ. என்ற இரண்டை மாத்திரம் தேடுகின்ற எளிய முறை இருக்கின்றது. சாதாரணக் குழாயில் எடுத்த ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். இதற்கென்று உள்ள குழாயில் எடுத்தாலோ ஐஸ் பெட்டி கூட இல்லாமல் பல நாள் கெடாது. நெய்வேலியிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கோ, அடையாற்றுக்கோ, காஞ்சிபுரத்தில் அண்ணா பெயரால் உள்ள ஆஸ்பத்திரிக்கோ அந்தக் குழாய் பஸ்ஸில் போகட்டும். முதுகெலும்பில் நோயை வைத்துக்கொண்டு அந்தப் பெண் ஏன் பஸ்ஸில் குலுங்க வேண்டும்? இந்தச் செலவை இன்ஷூரன்ஸ் திட்டத்தில் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது நிரந்தரத் தொழிலாளியின் மனைவி, ஒப்பந்தத் தொழிலாளியின் மனைவி என்று அதற்குள்ளும் இரண்டு ஜாதி உண்டாக்காமல் சேர்க்க வேண்டும்.

கடைசியில் நமது அம்மாளுக்கு ரத்தம் எடுத்தார்கள். எடுக்கச் சொன்னது அவருடைய மூத்த மகள். பஞ்சாயத்தைக் கூட்டாமல், தாயாரைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டாள். ஈ.எஸ்.ஆர்.1 மாறுதல் இருப்பதாக முடிவு வந்தது. புது மாத்திரை வாங்குகின்ற சக்தி அவர்களுக்கில்லை. என்றாலும் பிரயோஜனமற்ற லெட்ரோசோலை நிறுத்திவிட்டு, பூட்டையே உடைக்கின்ற ஃபுல்வெஸ்ட்ரண்ட் என்ற ஊசியை டாக்டர் ஆரம்பித்தார். அது நம் நாட்டுக் கம்பெனிகளே செய்வது. முதல் மாதம் பதினைந்து நாளைக்கு ஒரு தரம், பிறகு மாதம் ஒரு தரம், ஒரு தரத்துக்கு இரண்டு ஊசி. இரண்டாவது தரம் போட்டாகிவிட்டது. இரண்டரை மாதம் முந்திப் போட்டிருக்கலாமே என்று டாக்டர் சொன்னபோது புருஷன் தலையைக் குனிந்துகொண்டிருந்தாராம். நாடிக்காரர், சாந்தி காண்டத்துப் பரிகாரத்தில் பாக்கித் தொகை வரவில்லை என்று இதுவரை இரண்டு தடவை டெலிபோன் செய்திருக்கிறார்.